பச்சை விளக்குதான் வேண்டுமாம்

நம் சித்தப்பா குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஆனதிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இன்று இட்லியில் கை வைக்கும்போதே போன். "புது சுவிட்ச் டிஃபெக்ட் பீஸ்டா. எல்லா விளக்கும் பச்சை, 18 மட்டும் ஆரஞ்சு." மின்சார சுவிட்ச் இல்லை, கட்டடத்தின் கேமரா, இன்டர்நெட் கேபிள்களையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் பெட்டி. கேபிள் செருகும் ஒவ்வொரு ஓட்டைக்கும், அதாவது போர்ட்டுக்கும், ஒரு விளக்கு.

போய்ப் பார்த்தால் வாட்ச்மேன் அண்ணனின் கைங்கரியம். தொங்கிய கேபிள் முனை அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது, காலி போர்ட்டில் செருகிவிட்டார். மறுமுனையும் ஏற்கெனவே அதே சுவிட்சில்தான். போன தகவல் அதே பெட்டிக்கே திரும்பி வரும் அருமையான லூப்.

பழைய சாதா சுவிட்சாக இருந்தால் அந்த நிமிடமே எல்லாம் படுத்திருக்கும். இன்டர்நெட்டில் போகும் ஐபி பாக்கெட் என்ற தகவல் பொட்டலத்துக்காவது டிடிஎல் என்று ஆயுள் உண்டு, அதைச் சுமந்து கேபிளில் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அதுவும் இல்லை. லூப்பில் மாட்டிய பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் போகும் தகவல், நம் குடும்ப வாட்ஸப் குழுவின் காலை வணக்கம் மாதிரி சுற்றிச் சுற்றிப் பெருகும். இதற்கு 1985-லேயே கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் அம்மையார் ஸ்பானிங் ட்ரீ என்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். தான் அனுப்பிய தகவல் தனக்கே திரும்பி வந்தால் லூப் என்று புரிந்துகொண்டு, சுவிட்ச் ஒரு போர்ட்டை முடக்கிவிடும். அந்த ஆரஞ்சு அதுதான். இதையெல்லாம் நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வாங்குங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டதே இதற்காகத்தான்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் பி பிளாக் மாமா வந்துவிட்டார். ஒரே சுவிட்சை விலான் என்ற தனித்தனி நெட்வொர்க்குகளாக, கேமராவுக்கு விலான் 10, ஏ பிளாக்குக்கு 20, பி பிளாக்குக்கு 30 என்று பிரித்திருந்தேன். "நாங்க மட்டும் என்ன கடைசியா?" அது வெறும் எண், வரிசை இல்லை மாமா என்றால் கேட்டால்தானே! ஃபிரேமில் ஒட்டும் டேகில் அந்த எண்ணுக்கு 12 பிட் இடம், அதாவது 4094 விலான் வரை போடலாம். ஆளுக்கொரு நல்ல நம்பர் கேட்டால் நம் சங்கத்துக்கு அதுவும் பத்தாது.

மாமாவோடு நான் மல்லுக்கட்டிய நேரத்தில் சித்தப்பா கடைப் பையனை வரவழைத்துவிட்டார். "தம்பி, எனக்கு அது பச்சையா எரியணும்." தம்பி கெட்டிக்காரன். லேப்டாப்பைத் திறந்தான், ஸ்பானிங் ட்ரீயை அணைத்தான். 18 பச்சையானது. சித்தப்பா முகத்தில் என்ன ஒரு வெற்றி! அடுத்த சில நொடிகளில் கேட் கேமரா உறைந்தது, லிஃப்ட் கேமரா உறைந்தது, மூன்றாம் மாடியில் ஓடிக்கொண்டிருந்த சீரியலும் நின்றது. அதற்குத்தான் கூட்டம் கூடியது. பையனால் சுவிட்சுக்குள் திரும்ப லாகினே ஆக முடியவில்லை.

நான் கேபிளைப் பிடுங்கினேன். எல்லாம் உயிர் பெற்றது.

"பார்த்தியா? அந்த ஓட்டைதான் பழுதுன்னு காலையிலேயே சொன்னேன்" என்றார் சித்தப்பா. 18 மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியாகிவிட்டது. சங்கக் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டது: '18ஆம் போர்ட் பழுது. கண்டறிந்தவர்: செயலாளர். உதவி: செயலாளரின் அண்ணன் மகன்.'