நாயுடுபுரத்து வாசல்படியில் ஒரு மல்லி

அக்டோபர் 6, ஞாயிறு

காலை பஸ்ஸில் தம்பி வந்து இறங்கினான். ஒரு கையில் முறுக்கு டப்பா, இன்னொரு கையில் சாக்கில் சுற்றிய தொட்டி. பிரித்தால் குண்டுமல்லிச் செடி. ஒன்றரை அடி உயரம், நல்ல கரும்பச்சை இலை. பூ இல்லை. ஆனாலும் சாக்கில் எங்கள் தோட்டத்து மண் வாசம் இருந்தது, அதை மடித்து வைத்துக்கொண்டேன்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் மல்லி. தாத்தா காலத்திலிருந்து ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பதியன்தான் வைக்கிறோம். விடியும் முன்னே மொட்டுப் பறிக்கப் போகிற வீட்டில் பிறந்தும், நானாக ஒரு செடியை வைத்து வளர்த்ததே இல்லை. படிப்பு, பரீட்சை, வேலை என்று போய்விட்டது. கொடைக்கானலுக்கு மாறுதலாகி இந்த நாயுடுபுரத்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போனில் ஒருநாள் "வீடு வெறிச்சுன்னு இருக்கும்மா" என்றேன். அதற்குத்தான் இந்தச் செடி.

வீட்டுக்காரப் பாட்டி மாடிப்படியில் நின்று பார்த்தார். "மல்லியா? குளிருமே தாயி, அதுக்கு" என்றார். பாட்டியின் வாசலில் இல்லாத செடி இல்லை. பெயின்ட் வாளி, எண்ணெய் டின், உடைந்த சட்டி எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று நிற்கிறது. வேலி ஓரமாக நீலப் பூங்கொத்தோடு ஹைட்ராஞ்சியா, படிக்கட்டு ஓரமாக ரோஸ் நிறத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே தாய்ச்செடியின் குச்சிகள் என்கிறார். எப்படி என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 19, சனி

இலை மஞ்சளாகிறது, அதுவும் அடியிலிருந்து. நான் தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டுத்தான் வருகிறேன், அம்மா செய்வது போலவே. புதன்கிழமை செடி துவண்டு நிற்பதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு சொம்பாக்கினேன். மழை சாரலும் அடிக்கிறது. இன்று கொம்பைத் தொட்டதும் நான்கு இலை கையோடு வந்துவிட்டது.

பாட்டி கீழே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு அழுத்தினார். குளிர்ந்த சேறு. நகத்தடியில் ஒட்டிக்கொண்டது. தொட்டிக்கு அடியில் தரை நனையக் கூடாதென்று நான் வைத்திருந்த தட்டிலும் விளிம்பு வரை தண்ணீர் நின்றது.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று தொட்டியைக் கவிழ்த்தேன். ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலை. பாட்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து அடியில் தட்டியதும் மண் ஒரே கட்டியாக வழுக்கி வந்தது. வாடை முதலில் வந்தது. சாக்கடை ஓரத்து வாடை. மேல்பக்க வேர்கள் வெள்ளையாக, இழுத்தால் நூல் போல விறைப்பாக இருந்தன. அடிப்பக்கத்து வேர்கள் பழுப்பு நிறம். ஒன்றை விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் மட்டும் உறை மாதிரி உருவிக்கொண்டு கையில் வந்துவிட்டது. உள்ளே ஒரு மெல்லிய நார்தான் மிச்சம்.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் காற்றுக்கு இடமில்லை, வேர் மூச்சுத்திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடுகிறது. அதாவது தண்ணீர் கூடினாலும் செடி வாடும், குறைந்தாலும் வாடும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். புதன்கிழமை அது துவண்டு நின்றபோது நான் இன்னொரு சொம்பு ஊற்றியதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அழுகிய வேரையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. வேர் குறைந்துவிட்டதால் மேலே கொம்பையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் பாட்டி. செம்மண், மணல், மக்கிய சாணி மூன்றும் சமமாகக் கலந்து, முன்னதைவிடச் சின்ன மண்தொட்டியில் வைத்தோம். மண்தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும். தட்டை எடுத்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கடைசியாகத் தண்ணீர் விட்டு ஒன்பது நாள் ஆகிறது. நிலக்கோட்டையில் இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போதெல்லாம் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஈரமாக இருந்தால் கனக்கும். காய்ந்துவிட்டால் கை எதிர்பார்த்ததைவிட லேசாக மேலே வந்துவிடும். விரலைவிட எனக்கு இந்தக் கனம்தான் சரியாகப் பிடிபடுகிறது. இங்கே மேகம் வாசல் வரை வந்து உட்கார்ந்துகொள்கிறது, கொடியில் போட்ட துணியே மூன்று நாள் காய்வதில்லை. அப்புறம் தொட்டி மண் எங்கிருந்து காயும்!

பாட்டி இன்று ஹைட்ராஞ்சியா குச்சி மூன்று வெட்டிக் கொடுத்தார். பூக்காத கொம்பாகப் பார்த்து ஒரு சாண் நீளம். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கினார். வேர் இல்லாத குச்சி பெரிய இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது, அதற்காக.

நிறத்தின் சேதியும் இன்று சொன்னார். படிக்கட்டுச் சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். மழையில் கரைந்து அந்தச் செடியின் அடியில் இறங்குகிறது, அதனால் ரோஸ். வேலி ஓரத்து மண்ணைச் சுண்ணாம்பு தொட்டதில்லை, அதனால் நீலம். நான் பிறகு படித்துப் பார்த்தேன், பாட்டி சொன்னது அப்படியே சரி. இந்த மலை மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்ந்தால் அலுமினியம் மண்ணிலேயே பிடித்துக்கொள்ளும், செடிக்கு வராது. பாட்டி படித்ததெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரைதான்.

நவம்பர் 23, சனி

இரவு காட்டுமாடு உள்ளே வந்திருக்கிறது. வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, முள்ளங்கிப் பாத்தியில் என் கையை விரித்தது போல அகலமாகக் குளம்பு அச்சு. மல்லித் தொட்டி படியில் இருந்ததால் தப்பியது. பாட்டி கோபப்படவில்லை. வேலியை நிமிர்த்திக் கட்டினோம், அவ்வளவுதான்.

டிசம்பர் 15, ஞாயிறு

மழையும் மூடுபனியுமாக ஒரு வாரம். மல்லி சாகவும் இல்லை, வளரவும் இல்லை. ஒன்பது இலை இருந்தது, இன்றும் ஒன்பதுதான். எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும் என்பார்கள். இது 7,000 அடி. ஊருக்கும் இங்கேயும் 12 டிகிரியாவது வித்தியாசம் இருக்கும். வீட்டில் அம்மா மின்விசிறி போட்டுத் தூங்குகிற நாளில் நான் இரண்டு கம்பளி போர்த்துகிறேன். செடிக்குப் போர்வை இல்லை. இரவில் சமையலறை ஜன்னலுக்குள் எடுத்து வைக்கிறேன், பகலில் வெயில் எட்டிப் பார்த்தால் வாசலுக்குக் கொண்டு போகிறேன்.

ஜனவரி 4, சனி

எழுதவே மனமில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நேற்று நல்ல வெயில். மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது தொட்டியை முற்றத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஆபீசில் கணக்கு முடிக்கிற நாள், திரும்பும்போது எட்டரை ஆகிவிட்டது. வானத்தில் துளி மேகமில்லை, காற்றும் இல்லை, நட்சத்திரமெல்லாம் பக்கத்தில் வந்தது போல இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்தேன். அப்படிப்பட்ட இரவில்தான் உறைபனி விழும் என்று எனக்குத் தெரியாது. மேகம் இருந்தால் தரையின் சூட்டை மூடி வைத்துக்கொள்ளும். மேகம் இல்லையென்றால் சூடு அத்தனையும் மேலே போய்விடும். பாட்டி சாயங்காலமே ஜெரேனியம் மேலெல்லாம் பழைய சேலையையும் சாக்கையும் போர்த்தியிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் கடந்து போனேன். தொட்டி ஞாபகம் வரவே இல்லை.

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. மல்லி இலை ஒவ்வொன்றின் விளிம்பிலும் கல்லுப்பு ஒட்டியது போல வரிசையாக வெண்மணிகள். அந்த நேரத்தில் இலை பச்சையாகத்தான் இருந்தது, தொட்டால் அப்பளம் போல விறைப்பு. வெயில் ஏறியது. மணிகள் கரைந்தன. இலைகள் ஒவ்வொன்றாக, கொதிக்கிற தண்ணீரில் போட்ட கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டன. ஒன்பதும்.

நான் கத்தரிக்கோலோடு போனேன். பாட்டி தடுத்தார். "இன்னும் ஒரு மாசம் பனி இருக்கு. செத்த கொம்பு இருந்துட்டுப் போகட்டும், அதுவே உள்ளுக்கு மறைப்பு." பிறகு கட்டைவிரல் நகத்தால் கொம்பின் நுனியை லேசாகச் சுரண்டிக் காட்டினார். பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினார். பழுப்பு. மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் சுரண்டியபோது பட்டைக்கு அடியில் ஒரு கோடு, இளம்பச்சை. "இருக்கு" என்றார்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இதைத் தோட்டத்தின் வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவாத்து முடிந்துவிட்டது. அரை ஏக்கரும் முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சிகள். வருஷா வருஷம் பார்த்ததுதான், இந்த வருஷம்தான் குனிந்து பார்த்தேன். மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும், அதனால்தான் இப்படி ஒட்ட வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே அரிசிமுனை போல முளை தெரிகிறது.

அம்மாவிடம் பனியில் கருகியதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அங்க வெயில் எத்தனை மணி நேரம் அடிக்குது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மல்லிக்கு வெயில்தான் சோறு" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

ஊரில் கவாத்தைப் பார்த்த வேகத்தில் பாட்டியின் ஹைட்ராஞ்சியாவையும் வெட்டிச் சீராக்கிவிடலாம் என்று போனேன். காய்ந்த பூங்கொத்தும் வெறுங்கொம்புமாக நின்றது. முதல் கொம்பில் கை வைத்ததும் பாட்டி மேலிருந்தே சத்தம் போட்டார். இறங்கி வந்து கொம்பின் நுனியைக் காட்டினார். கூம்பிய, பருத்த ஒரு மொட்டு. வரப்போகிற பூ அதற்குள்தான் இருக்கிறதாம். ஹைட்ராஞ்சியா போன வருஷத்துக் கொம்பில் பூக்கிற செடி. இப்போது வெட்டினால் இந்த வருஷம் இலை மட்டும்தான். மல்லியை வெட்டினால் பூக்கும், இதை வெட்டினால் பூக்காது. கத்தரிக்கோலை எடுக்கும் முன் அந்தச் செடி புதுக்கொம்பில் பூக்குமா, பழைய கொம்பில் பூக்குமா என்று கேட்டுவிட வேண்டும். இதை ஜன்னல் பக்கத்துக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்தேன்.

காய்ந்த பூவை மட்டும் அந்த மொட்டுக்கு மேலே கிள்ளினோம்.

மார்ச் 2, ஞாயிறு

முளை! அந்தப் பச்சைக் கோடு தெரிந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு. ஒன்று கடுகளவு, இன்னொன்றில் இலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேலே காய்ந்ததையெல்லாம் இன்றுதான் வெட்டினேன்.

சந்தோஷத்தில் அம்மாவுக்கு போன் செய்தேன். பேசி முடித்த பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இது இங்கேயே இருந்தால் பிழைத்துக் கிடக்கும். அடுத்த ஜனவரியில் மறுபடி உள்ளே தூக்க வேண்டும், ஒரு நாள் மறந்தால் போச்சு. பூ வருமா என்பதும் சந்தேகம். எனக்கு அது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டியது வெயில்.

மார்ச் 9, ஞாயிறு

மடித்து வைத்த அதே சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பெருமாள்மலை தாண்டியதும் ஜன்னலைத் திறந்தேன். வத்தலக்குண்டில் இறங்கியபோது தொட்டியின் மண்ணே சூடாகிவிட்டது. கிழக்கு வரப்பில் கடைசி வரிசையில் ஒரு செடி பட்டுப்போன குழி இருந்தது. அங்கே வைத்தோம். அம்மா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றட்டும், அங்கே அது ஒரு நாளில் காய்ந்துவிடும்.

அம்மா நீலப்பூச் செடி ஒன்று கேட்டாள். கொண்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போட்டோ அனுப்புகிறேன் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாட்டி கொடுத்த மூன்று ஹைட்ராஞ்சியா குச்சியில் ஒன்று அழுகிவிட்டது. மற்ற இரண்டையும் மெல்ல இழுத்துப் பார்த்தேன், மண் பிடித்துக்கொண்டது. வேர் விட்டிருக்கிறது. தனித்தனித் தொட்டியில் மாற்றினேன். ஒன்றை வேலி ஓரத்தில் வைக்கப்போகிறேன், ஒன்றைப் படிக்கட்டோரம்.

மே 4, ஞாயிறு

மதியம் பஸ்ஸில் அம்மா பொட்டலம் அனுப்பியிருந்தாள். வாழை இலைக்குள் ஈரத்துணி, அதற்குள் மொட்டு. பாட்டிக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம் வரும். ஒரு ஓரத்தில் வெள்ளை நூலால் தனியாகக் கட்டிய ஐந்து மொட்டு இருந்தது. போன் செய்தேன். "அது உன் செடியோடது" என்றாள்.

மற்றதைக் கட்டிவிட்டு, அந்த ஐந்தையும் சின்னத் தட்டில் ஜன்னலோரம் வைத்தேன். கீழே என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விரிந்துவிடும். இங்கே குளிர். மணி ஒன்பதரை, ஒன்று மட்டும் வாய் திறந்திருக்கிறது. பாட்டி தூங்காமல் மேலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டார், விரிஞ்சுதா என்று.