நிலாவெளியில் வலது காது

யூலை 8

காலையில், கடலில் சுழியோடும் பயிற்சிக்கான படிவத்தை நிரப்பினேன். நெஞ்சு, நுரையீரல், வலிப்பு, சத்திரசிகிச்சை, காது என்று கேள்விகள் நீண்டன. ஒன்றுக்கேனும் "ஆம்" என்று விடை எழுதினால் வைத்தியரின் கையொப்பம் வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வயதில் வலது காதில் சீழ் வைத்துச் செவிப்பறை துளைபட்டு, ஆறு மாதம் தலைக்கு முழுகாமல் இருந்ததை நாற்பது ஆண்டுகளாக நான் யாருக்கும் சொன்னதில்லை. அதனால் அது நடக்கவில்லை என்றே ஆகிவிட்டது போலும்.

யூலை 9

ஆழந்தான் ஆபத்து என்று எண்ணியிருந்தேன். ஆனால் முதல் பத்து மீற்றர் இறங்குவதற்குள்ளேயே அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்காகிவிடுகிறது. அது மறுபடி இரு மடங்காக இன்னும் இருபது மீற்றர் இறங்க வேண்டும். ஆகவே காதுக்குக் கரையோரத்து முதல் சில மீற்றர்களே கடினமானவை. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழல் திறந்து காற்று உட்புகும், அதை வலி வருமுன்னரே செய்ய வேண்டும், திறக்காவிட்டால் சற்று மேலே வந்து மறுபடி முயல வேண்டும், ஒருபோதும் முக்கி ஊதக்கூடாது என்று பயிற்சி தரும் தம்பி மணலில் படம் கீறிக் காட்டினார். இடது காது உடனே திறந்தது. வலது காதில் இரண்டரை மீற்றரிலேயே ஊசி ஏற்றியது போல் இருந்தது. கையைச் சாய்த்து ஆட்டிச் சைகை காட்டினேன், மேலே கூட்டிவந்தார். "தடிமனோ அக்கா?" என்று கேட்டார். ஆம் என்றேன். இது இரண்டாவது பொய்.

யூலை 10

காது அடைத்தே இருக்கிறது. கொழும்பிலிருந்து அழைப்பு வரவில்லை.

யூலை 11

முக்குளிக்காமல் மிதந்தால் போதும் என்று எண்ணிப் புறாமலைத் தீவுக்குப் போனேன். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான்; இயந்திரப் படகு சில நிமிடங்களில் கொண்டுபோய் விடுகிறது. 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். வெள்ளைக்காரர் காலத்தில் இத்தீவைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்களாம். இப்போது அதே பாறைகளில் மாடப்புறாக்கள் ஒன்றும் நடவாதது போல் உட்கார்ந்திருக்கின்றன. அனுமதிச் சீட்டு உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. எனக்கு முன்னால் நின்ற வெளிநாட்டுக் குடும்பம் அதைக் கேட்டு முகம் சுளித்தது. எனக்கோ அது நியாயமாகவே பட்டது.

மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு முகம் குப்புற மிதந்தபோது, சுண்டலாக நறுக்கியது போல் நொறுங்கிக் கிடக்கும் பவள முருகைக்கற்கள் முதலில் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் மான்கொம்பு போல் கிளைத்த உயிருள்ளவை இருந்தன. கிளிமீன்கள் அவற்றைக் கொறிக்கும் ஓசை இடது காதில் கேட்டது, வலது காதில் கேட்கவில்லை. ஒன்றரை முழம் இருக்கும் ஒரு சுறாக் குட்டி, முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டது போன்ற கறுப்போடு, என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது. அது மனிதரைக் கண்டால் விலகும் இனம் என்று தெரிந்திருந்தும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கரையேறியபின், உயிர்காப்பு அங்கி மாட்டிய ஓர் இளைஞர் களைப்பாற முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்பதைக் கண்டேன். படகோட்டி சத்தமிட்டார். இளைஞருக்கு மொழி விளங்கவில்லையா, அல்லது காலடியில் இருப்பது உயிர் என்பது விளங்கவில்லையா, தெரியவில்லை. நீந்தத் தெரியாதவர்களை இடுப்பளவு நீரில் இறக்கிவிட்டு நிற்காதே என்றால் அவர்கள் எங்கே நிற்பார்கள்? கரையில் அரை மணி நேரம் மிதக்கப் பழக்கிய பின்பே ஏற்ற வேண்டும்.

யூலை 12

உண்மையைச் சொல்லிவிட்டேன். தம்பி கோபிக்கவில்லை. எனக்கென்று வைத்திருந்த காற்றுக் கலனை எடுத்து உள்ளே வைத்தார். "முதல் நாளே சொல்லியிருந்தால் அக்கா, இன்றைக்குக் கடிதம் கையில் இருந்திருக்கும்" என்றார். அந்தக் கலனைச் சிலர் ஒட்சிசன் கலன் என்கிறார்கள். உள்ளே இருப்பது அமுக்கிய வெறும் காற்றுத்தான் என்பதையும் இந்த வாரமே அறிந்தேன்.

யூலை 13

திருகோணமலை நகரில் வைத்தியரைப் பார்த்தேன். பழைய துளை மூடித் தழும்பாகிவிட்டதாம். காதுக்குறும்பி சேர்ந்திருக்கிறது, சற்று வீக்கமும் உண்டு. சொட்டு மருந்து மூன்று நாள், தண்ணீர் படக்கூடாது, 16ஆம் திகதி வர வேண்டும்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கோட்டைக்குள், மான்கள் மாடுகளைப் போல் குறுக்கே வந்து பை துழாவின. சுவாமிமலையின் விளிம்பில் நின்று நீலத் திமிங்கிலத்தின் நீர்வீச்சு தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். தெரியவில்லை. இம்மலையின் அடியில்தான் 1956இல் மைக் வில்சனும் அவருடைய நண்பரான அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சுழியோடி, கடலில் கிடந்த பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். கிளார்க்கின் காதுகள் எப்படி இருந்தனவோ?

யூலை 14

கச்சான் காற்று. மணல் பறக்கிறது, சோறு கரகரக்கிறது, பக்கத்து அறையார் பகல் முழுதும் பாட்டுப் போடுகிறார்கள். எவரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அழைப்பும் வரவில்லை.

யூலை 15

கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனேன். ஏழு கிணறுகள், ஏழுக்கும் ஏழு சூடு. ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிச் சரிபார்ப்பதே அங்கு வருவோருக்குப் பொழுதுபோக்கு. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தோளுக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொண்ட என்னைப் பார்த்து ஒரு சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

யூலை 16

மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லிவிட்டு, வைத்தியர் விளக்கோடு காதினுள் பார்த்துக்கொண்டிருந்தார். செவிப்பறை அசைகிறது என்றார். கையொப்பமிட்டார்.

இப்போது நாள்தான் இல்லை. கடைசியாக நீரிலிருந்து ஏறியபின் விமானத்தில் பறக்க ஆகக்குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழிய வேண்டும். என் விமானம் 20ஆம் திகதி அதிகாலை. கொழும்புக்கான பயணத்தையும் கழித்தால் 18ஆம் திகதியே முடிவு. முழுப் பயிற்சி இனி ஆகாது. பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஒருநாள் சுழியோட்டம் உண்டு. பன்னிரண்டு மீற்றருக்கு மேல் இறங்க விடமாட்டார்கள். அது போதும்.

மாலையில் அழைப்பு வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

யூலை 17

கரையோரத்தில் ஒத்திகை. ஒரு மீற்றருக்கு ஒரு முறை நின்று ஊதினேன். மூன்றில் வலது காது "டிக்" என்றது. நான்கு வரை போய், சற்று நேரம் மணலில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். தம்பி என் காதைச் சுட்டி வினவினார். சரி என்று விரல்களை வட்டமாக்கிக் காட்டினேன். இது பொய் இல்லை.

யூலை 18

ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். தென்னோலை அசையவில்லை. ஆறரைக்குப் படகு.