3.10க்கு மணி பார்க்கிறவன்

ஜூன் 3, செவ்வாய்

நேற்றும் அதே கதை. காலையில் ஆபீஸில் பிரசன்டேஷன், அதனால் நன்றாகத் தூங்கியே ஆகணும் என்று பத்தரைக்கே படுத்தேன், அப்படி நினைத்ததுமே தூக்கம் எழுந்து போய்விட்டது. பன்னிரண்டுக்கு மணி பார்த்தேன்: இப்போது தூங்கினால்கூட ஆறு மணி நேரம் கிடைக்கும். ஒன்றரைக்கு நாலரை. 3.10க்கு மூன்றுகூட இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் நெஞ்சு இன்னும் கொஞ்சம் வேகமாக அடித்தது. பிரசன்டேஷன் என்னவோ சுமாராகவே போயிற்று, என் முகத்தை யாரும் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. கையிலிருந்த ஸ்மார்ட் வாட்சைப் பார்த்தேன், தூக்க ஸ்கோர் 58, ஆழ்ந்த தூக்கம் 31 நிமிடம். அவ்வளவுதான், எங்கிருந்தோ அசதி வந்து உட்கார்ந்துகொண்டது! இத்தனைக்கும் அது கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவே. தூக்கத்தின் நிலைகளைச் சரியாக அளக்க வேண்டுமானால் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பார்க்க வேண்டும். இந்த ஸ்கோர் பைத்தியத்துக்கு 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வியாதிக்குப் பேர் கிடைத்ததில் ஒரு அற்ப திருப்தி.

ஜூன் 9, திங்கள்

சோபாவில் சீரியல் ஓடும்போது குறட்டை விடுகிறேனாம். "உள்ளே போய்ப் படுங்க" என்று மனைவி எழுப்பிவிடுகிறாள், கட்டிலில் சாய்ந்ததும் கண் பளிச்சென்று திறந்துகொள்கிறது. மெத்தைதான் சரியில்லை என்று புது மெத்தை வாங்கியது தண்டச் செலவு. கட்டிலில் விழித்துக் கிடந்து கிடந்தே, கட்டில் என்றால் விழிப்பு என்று மூளை பழகிவிடுமாம். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: தூக்கம் வந்தால்தான் கட்டிலுக்குப் போ, வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போய்விடு. நான் என்னடா என்றால் நேரத்தை ஈடுகட்ட ஒன்பதரைக்கே போய்ப் படுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

உசிலம்பட்டியில் பெரியப்பா தவறிவிட்டார். ராத்திரி முழுக்க யாராவது விழித்திருக்கணும், "நீதான் தூங்க மாட்டியே, நீ இருப்பா" என்று சித்தப்பா என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே டியூப்லைட், கொசு, பக்கத்துத் தெருவரை கேட்கும் ஒப்பாரி. தூங்கிவிடக் கூடாது, தூங்கிவிடக் கூடாது என்று இருந்தவன் ஒரு மணிக்குமேல் என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விட்டேன். விடிகாலையில் அத்தை காபி டம்ளரோடு உலுக்கி எழுப்பினாள். வெட்கமாகத்தான் இருந்தது. பெரியப்பா மேல் எனக்கு உயிர், ஆனாலும் இந்த மாதத்திலேயே நல்ல தூக்கம் அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டரிடம் மாத்திரை கேட்கத்தான் போனேன். அவர் தரவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் சிபிடி-ஐ என்ற பழக்கப் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் சங்கமே 2016-இல் சொல்லியாயிற்றாம். வலிப்பு உண்டா, ராத்திரி வண்டி ஓட்டுவேனா என்றெல்லாம் விசாரித்துவிட்டு (இருந்தால், கட்டில் நேரத்தைக் குறைக்கும் இந்த வழி ஆபத்தாம்) ஒரு வாரக் கணக்கை எழுதி வரச் சொன்னார். படுக்கையில் எட்டரை மணி நேரம், அதில் தூங்கியது சராசரி ஐந்தரை. "அப்போ ஐந்தரைதான் உங்களுக்குக் கட்டில்" என்றுவிட்டார். பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழுந்துவிடணும், பகலில் கண் அசரக் கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்தால் கால் மணி நேரம் கூட்டிக் கொடுப்பாராம், ரேஷன் மாதிரி.

மூன்றாவது ராத்திரி இது. வாட்ச் மேசை டிராயரில். இப்போது 11.50, கண் எரிகிறது, உட்கார்ந்தால் விழுந்துவிடுவேன் என்று நின்றுகொண்டே டைப் செய்கிறேன். காய்ந்த துணி எல்லாம் மடித்தாயிற்று, இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, இஸ்திரிப் பெட்டியை எடுக்க வேண்டியதுதான்.