மோரே பிள்ளைக்கு வேலூரில் ஒரு பிளஸ் ஒன் சீட்டு

மணிப்பூரில் பர்மா எல்லையில் இருக்கிற மோரே என்ற ஊரிலிருந்து கலவரத்தில் வீடிழந்து வந்த சொந்தக்காரருக்காக வேலூரில் எந்த அலுவலகப் படி ஏறினாலும், 'அகதி' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அங்கிருந்து வந்த என் அண்ணன் பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லிவிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் அதற்குமேல் ஒரு தாளையும் பார்க்கவில்லை. "அப்போ மறுவாழ்வு செக்‌ஷன் போங்க, இங்க இல்ல" என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "எந்த முகாம்மா, மேல்மொணவூரா?" என்று விசாரித்தார். இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். "சார், இவங்க இந்தியாவுக்குள்ளயே வந்தவங்க" என்றதும் சிரித்துவிட்டு டீ சொன்னார். அவர் மேல் குறை இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு செக்‌ஷன் இருக்கிறது, உள்ளூர்க்காரருக்கு ஒரு செக்‌ஷன் இருக்கிறது. சொந்த நாட்டுக்குள் வீடு எரிந்து வந்தவருக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. எங்கள் அலைச்சல் பாதிக்கு மேல் இதனால்தான்.

அண்ணன் என்பது பெரியம்மா மகன். பெரியப்பா வீட்டார் பர்மாவில் வியாபாரம் செய்தவர்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது கப்பலேறி வந்த கூட்டம். தமிழ்நாட்டில் முகாம் வாழ்க்கை பிடிக்காமல் தரைவழியாகத் திரும்பிப் போகப் பார்த்தவர்கள் பலர். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊர்த் தமிழர்கள் அப்படி உருவானவர்கள்தான். அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. எல்லைக் கதவைத் தாண்டினால் பர்மாவின் தமு.

2023 மே 3-ஆம் தேதி மணிப்பூரில் மெய்திகளுக்கும் குக்கிகளுக்கும் இடையே கலவரம் தொடங்கியது. சமவெளியில் பெரும்பான்மையான மெய்தி மக்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கேட்டதை எதிர்த்து மலை மாவட்டங்களில் பேரணி நடந்த நாள் அது. மோரேயில் மலைப் பழங்குடியான குக்கிகளும் மெய்திகளும் தமிழர்களும் நேபாளிகளும் அடுத்தடுத்த தெருவில் இருந்தவர்கள். நெருப்புக்கு இது யார் வீடு என்று தெரியாதே. அண்ணன் வீடும் போனது. சில நாள் ராணுவ முகாம், அப்புறம் இம்பால், குவாஹாத்தி, ரயிலில் காட்பாடி. அவருக்கு மணிப்புரி, இந்தி, பர்மீஸ் எல்லாம் தெரியும் என்பதால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் ஒன்றில் உடனே வேலை கிடைத்தது. வடகிழக்கிலிருந்து வரும் நோயாளிகளுக்கு அவர்தான் இப்போது எல்லாம்.

மகள் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தாள். அவளைப் பிளஸ் ஒன்னில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை.

ஆதாரில் ஆரம்பித்தோம். எரிந்துபோன போனோடு சிம்மும் போய்விட்டது. அது வடகிழக்கு வட்ட எண், டூப்ளிகேட் சிம் அங்கேதான் வாங்க வேண்டும் என்று கடையில் கைவிரித்தார்கள். எண் இல்லாமல் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் இந்தக் காலத்தில் ஒன்றும் அசையாது. இந்த நிலையில் இருப்பவர்கள் வேறு எதையும் தொடாமல், முதலில் ஆதார் மையத்துக்குப் போய் புது செல் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு எந்தச் சான்றும் கேட்கக் கூடாது, கைரேகை போதும். கேட்டால் "மொபைல் அப்டேட் மட்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். அண்ணிக்கு ரேகை பதியவில்லை. கருவிழியைப் பிடித்துத்தான் வேலை முடிந்தது.

முகவரி மாற்றத்தில்தான் வயிறு எரிந்தது. குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் வசதி 2023-இல் வந்தது என்று படித்துவிட்டு என் ஆதாரோடு போய் நின்றேன். உடன்பிறந்தவர் சேரும், பெரியம்மா பிள்ளை சேராது. கடைசியில் கைகொடுத்தது ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவம். கவுன்சிலரோ கெஜட்டட் ஆபீசரோ அதில் கையெழுத்துப் போடலாம். லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அந்தப் படிவத்திலேயே வேண்டும். போட்டோவின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்தும் சீலும் விழ வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும், கையில் வைத்துக்கொண்டு நாள் பார்க்காதீர்கள்.

இனி பள்ளிக்கூடச் சான்றுகள்.

ரிசல்ட் வந்தபோது மணிப்பூரில் நெட் இல்லை. காட்பாடியில் உட்கார்ந்து நான் பார்த்துச் சொன்னேன். நல்ல மார்க். ஆனால் அசல் மார்க் ஷீட்டை இம்பாலில் இருக்கிற போர்டு, பள்ளிக்குத்தான் கொடுக்கும். பள்ளி ஆள் போய் வாங்க வேண்டும். மோரேயிலிருந்து இம்பால் சுமார் 110 கிலோமீட்டர்; முன்பெல்லாம் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடுவார்களாம். இப்போது வழியில் இருக்கிற பல்லேல் ஊருக்கு மோரே பக்கம் குக்கிகளின் மலை, இம்பால் பக்கம் மெய்திகளின் சமவெளி. ஒருவர் பகுதிக்குள் மற்றவர் கால் வைக்க முடியாது.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் குக்கி. அவர் மோரேயில் இருந்தார். கிளார்க் மெய்தி. ஓடும்போது பள்ளி சீலைப் பையில் போட்டுக்கொண்டு போய், சமவெளியில் ஒரு நிவாரண முகாமில் இருந்தார். கையெழுத்து ஓரிடம், சீல் ஓரிடம். டி.சி.க்கு இரண்டும் வேண்டும். போர்டில் மார்க் ஷீட்டும் மைக்ரேஷன் சான்றும் வாங்கக் கிளார்க் போகலாம். ஆனால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்ப டேட்டா கிடையாது. நான் நேரில் போகலாமா என்று யோசித்தேன். வெளிமாநிலத்தார் மணிப்பூருக்குள் நுழைய 2020 முதல் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைத்தாலும் மோரே சாலையில் யார் என்னைக் கூட்டிப்போவார்கள்? வீட்டில் ஒரே சத்தம், விட்டுவிட்டேன்.

அண்ணன் லாட்ஜ் வேலை முடிந்து ராத்திரியில் இருவருக்கும் மாறி மாறி போன் போடுவார். ஒருவரிடம் குக்கி பாஷை, இன்னொருவரிடம் மணிப்புரி. இரண்டு பேரும் பல வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று இவரும், இவர் எப்படி இருக்கிறார் என்று அவரும் அண்ணனிடம்தான் கேட்டார்கள். நேரே பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

கடைசியில் பங்கால் எனப்படும் மணிப்பூர் முஸ்லிம் டிரைவர் ஒருவர் கிடைத்தார். அந்த நாட்களில் இரண்டு பக்கமும் வண்டி ஓட்ட முடிந்தது பெரும்பாலும் அவர்களால்தான். மோரேயில் கையெழுத்தான தாள்கள் அவர் வண்டியில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி முகாமுக்குப் போயின. கிளார்க் சீல் வைத்து, போர்டுக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி ஸ்பீட் போஸ்டில் போட்டார். நடுவில் சாலை மறியல்களால் எத்தனையோ நாள் போனது. கவர் வந்த அன்று அண்ணி அதைப் பிரிக்கவே விடவில்லை, முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

இத்தனைக்குப் பிறகு வேலூரில் ஒரு பள்ளியில், "இன்னாம்மா இது, கையெழுத்துல ஒரு தேதி, சீல்ல ஒரு தேதி?" என்று கேட்டார்கள் பாருங்கள், எனக்குக் கண் இருட்டிவிட்டது. விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஸ்டேட் டி.சி.ன்னா அந்த ஊர் கல்வி அதிகாரி மேலொப்பம் வேணுமே" என்றார்கள். மறுபடி டிரைவர், மறுபடி சாவடியா? முடியாது என்று எழுந்து வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கலவரக் கதையை நான்கு வரிக்கு மேல் எழுதாதீர்கள், படிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. என்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்: 'மேலொப்பம் பின்னர் தருகிறோம் என்ற உறுதியின் பேரில் சேர்க்கை வேண்டும்.' வீடு எரிந்ததற்கான எஃப்.ஐ.ஆர். நகலை இணையுங்கள். எங்களுடையது ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது சம்பவம் நடந்த எல்லைக்கு வெளியே வேறொரு ஸ்டேஷனில் பதிந்தது. "இது எங்க லிமிட் இல்ல" என்று எந்த ஸ்டேஷனிலாவது சொன்னால் நம்பாதீர்கள். மணிப்பூரில் ஆயிரக்கணக்கான புகார்கள் அப்படித்தான் பதிவாகியிருக்கின்றன. மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

மனு கல்வி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு போன் போனது. வேறொரு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. பிள்ளை நன்றாகத் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தமிழ் டீச்சர் மதிய இடைவேளையில் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார். எல்லோரும் அவளை சி.எம்.சி.க்கு வந்த பேஷன்ட் வீட்டுப் பிள்ளை என்றே நினைக்கிறார்களாம், அது மட்டும் அவளுக்குக் கடுப்பு.

ரேஷன் கார்டு மட்டும் பாக்கி. மோரே கார்டில் பெயர் நீக்கிய சான்று கேட்கிறார்கள். அதுவரை 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் பழைய கார்டு எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். கடைக்காரர் தெரியாது என்பார், கருவியில் அதற்குத் தனி மெனு இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள். பெயர் நீக்கச் சான்றை தெங்னோபால் மாவட்டத்திலிருந்து தபாலிலேயே வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எந்த முகவரிக்கு எழுதினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.