பெரியப்பாவின் ஸ்வெட்டர்

குன்னூரில் காலை முதல் மழை. பெரியப்பா இருந்திருந்தால் இந்நேரம் வர்க்கியை டீயில் நனைத்து, அது உடைந்து டம்ளருக்குள் விழுந்ததும், "ஆளைக் கூப்பிடுங்கள், தூர்வார வேண்டும்" என்றிருப்பார்.

2005-இல் யுனெஸ்கோ எங்கள் மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்! பக்கத்து இருக்கைக்காரரின் மூன்று தலைமுறைக் கதையையும் வேறு எந்த ரயிலில் கேட்க முடியும்?" உண்மையிலேயே கேட்பார். மேட்டுப்பாளையத்தில் அறிமுகமானவர் குன்னூரில் இறங்கி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். (உலை வைத்தது பெரியம்மா. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த நீல ஸ்வெட்டரை அவர் போட்டது இரண்டே நாள். மூன்றாம் நாள் அது தேயிலைத் தொழிற்சாலைக் காவலாளியின் மேல் இருந்தது. அண்ணன் முறைத்தான். "அவருக்கு இரவு வேலையடா. எனக்கு உன் அம்மா திட்டினாலே உடம்பு சூடாகிவிடும்."

கடைசிவரை அந்தப் பழுப்பு ஸ்வெட்டர்தான். முழங்கையில் பெரியம்மா போட்ட ஒட்டு மட்டும் பச்சை. போன மாதம் அவர் போனபின் இன்றுதான் பீரோவைத் திறந்தேன். ஸ்வெட்டர் பையில் ஒரு பஸ் டிக்கெட், கொஞ்சம் வர்க்கித் தூள்.