கட்டுத்தறி மாட்டுக்குக் கழுத்துப் பட்டை

பாகூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பத்துப் பதினைந்து ஜெர்சி கலப்பின மாடு வைத்திருப்பவர், மாடு சினைக்குத் தயாராகும் பருவத்தைக் காட்டும் கழுத்துப் பட்டை வாங்கலாமா? வாங்கலாம், மாட்டை அவிழ்த்துவிட இடமிருந்தால்.

பட்டைக்குள் இருக்கும் உணரி, மாட்டின் நடமாட்டத்தையும் அசைபோடும் நேரத்தையும் பதிந்து, அதே மாட்டின் முந்தைய நாட்களோடு ஒப்பிடும். பருவத்துக்கு வந்த மாடு கூடுதலாக நடக்கும், அசைபோடுவது குறையும். இரண்டும் சேர்ந்து மாறினால் கைப்பேசிக்குத் தகவல் வரும். கட்டிக்கிடக்கிற மாடு எங்கே நடக்கும்? காலை, மாலை கறவை முடிந்ததும் வேலி போட்ட இடத்தில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் பகலில் பருவ அறிகுறி மங்கிவிடும். ராத்திரியில் காட்டி விடிவதற்குள் அடங்கிவிடுகிற மாடுகளும் உண்டு. பட்டைக்குக் கொடுத்த காசு அப்போதுதான் திரும்பும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது நேரக் கணக்கில். பருவம் தொடங்கி 24 முதல் 30 மணி நேரத்தில் சினைமுட்டை வெளிவரும். விந்தணு தயாராகச் சில மணி நேரம் வேண்டும். அதனால் தொடக்கத்திலிருந்து 12 முதல் 18 மணி நேரத்துக்குள் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடவேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தொடங்கியதற்குக் காலை 8 மணிக்குத்தான் தகவல் வரலாம். 2 மணியிலிருந்து எண்ணினால் அன்று மதியத்துக்குமேல் ஊசி. 8 மணியிலிருந்து எண்ணினால் ராத்திரி 8 மணிக்குமேல் வரும், அது மறுநாள் காலைக்குப் போய்விடும், முட்டை அதற்குள் வெளிவந்திருக்கும். செயலியில் தொடக்க நேரம் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

பட்டை தளர்ந்தாலும், கொட்டகை மாற்றினாலும், புது மாடு சேர்ந்தாலும் பொய்த் தகவல் வரும். பிறப்புறுப்பிலிருந்து வடியும் வழும்பு கண்ணாடிபோல் தெளிந்து கயிறாகத் தொங்கினால் நம்பலாம். சீழ் கலந்திருந்தால் கருப்பையில் புண்; ஊசி வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். சினை மாடுகூட சில சமயம் பருவம் காட்டும். ஏற்கெனவே ஊசி போட்ட மாட்டுக்குத் தகவல் வந்தால் முதலில் சினைச் சோதனை, இல்லாவிட்டால் மறுபடி போடும் ஊசியில் கரு கலையக்கூடும்.

ஊசி போட்ட 18 முதல் 24 நாளுக்குள் தகவல் வரவில்லை என்பதை வைத்துச் சினை என்று எழுதிவிடாதீர்கள். 60 நாளுக்குமேல் கைச்சோதனை, ஸ்கேன் கிடைத்தால் 30 நாளிலேயே.

ஈத்துக் கணக்குக்கு, அதாவது எத்தனை முறை கன்று போடும் என்பதற்கு, வருவோம். 36 மாதத்தில் முதல் கன்று, 15 மாத இடைவெளி என்றால் எட்டு வயதில் ஐந்து ஈத்து. 30 மாதம், 13 மாதம் என்றால் ஆறு. மூன்று ஊசிக்கும் சினை நிற்காத மாட்டை உடனே சந்தைக்கு ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதுவும் மூன்றாம் ஈத்து மாட்டை. பால் ஏறுகிற ஈத்து அது. அந்த இடத்துக்கு வாங்கும் கிடேரி கன்று போடும்வரை தீனிச் செலவுதான். உடல் மெலிந்திருக்கிறதா, தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை போகிறதா, மூன்று ஊசியும் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மணியில் விழுந்தன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணுக்கு நேராக ஊசி போட்ட தேதியோடு மணியையும் எழுதி வைத்திருக்கவேண்டும்.