பூவை இன்னும் எடுக்கவில்லை

கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஸ்டுடியோவில் பதினோரு வருஷமாக போட்டோஷாப் வேலை. எனக்கு அதிகம் வருவது இறந்தவர்கள் படம்தான். கறையான் அரித்தது, நடுவில் மடிந்து மூக்கு போனது. ஒரு கண் அழிந்திருந்தால் மறு கண்ணை எடுத்துத் திருப்பிப் போட்டுவிடுவேன். கீழே 'கண்ணீர் அஞ்சலி'. மலையாளத்தில் கேட்டால் 'ஆதராஞ்சலிகள்'.

போன மாதம் காலேஜ் பெண் ஒருத்தி பென்டிரைவில் ஒரு படம் கொண்டுவந்தாள். பிக்காசோவின் 'அழும் பெண்', 1937. அசல் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 60க்கு 50 சென்டிமீட்டர். எங்கள் 20க்கு 24 இஞ்ச் ஃப்ரேமில் கச்சிதமாக உட்காரும். அந்த வருஷம் ஏப்ரலில் ஸ்பெயினின் கெர்னிகா ஊர்மேல் குண்டு வீசினார்கள். அதைப் பெரிய படமாக வரைந்து முடித்த பிறகும் அழுகிற முகம் அவரை விடவில்லை. அக்டோபரில் இது. முகம், பிக்காசோவின் காதலி டோரா மாருடையது. கெர்னிகா ஓவியம் வளர வளர அதை போட்டோ எடுத்தவர் அவர். எங்கள் தொழில்காரி!

மஞ்சளும் பச்சையுமாக முகம். வாயைச் சுற்றி மட்டும் வெள்ளையும் நீலமுமாகக் கண்ணாடிச் சில்லு மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தால் அது கைக்குட்டை, பல்லில் கடித்திருக்கிறாள். விரல் எது, துணி எது என்று சட்டென்று பிடிபடாது.

கை சும்மா இருக்குமா? ஒரு பிரதி எடுத்து, கண்களை நேராக்கி, சில்லுகளைத் துடைத்துப் பார்த்தேன். முகம் கூடிவந்தது. அழுகை போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற யாரோ போல இருந்தாள். அழித்துவிட்டேன்.

அப்போது புருஷன் படம் பெரிதாக்க வந்த அம்மா ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதாரு சாமி?"

"வெளிநாட்டுப் படமுங்கம்மா."

சிவப்புத் தொப்பியில் இருந்த நீலப் பூவைக் காட்டினார். "பூவ இன்னும் எடுக்கலயே. சேதி இப்பத்தான் வந்திருக்கும்."

தொப்பியை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. கிளம்புவதற்காக அலங்காரம் செய்துகொண்டவள்தான் அவள்.

அந்த அம்மா கொடுத்தது ஜோடிப் படம். புருஷனை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அவர் தோளில் உரசிக்கொண்டிருந்த மல்லிகைச் சரத்தை அழிக்கத்தான் அன்றைக்கு அரை மணி நேரம் பிடித்தது.